கல்லாவுக்கு முன்னால் ஆங்கிலம்: ஜொகூரில் பணச்சொற்களைக் கற்பதும் கற்பிப்பதும்

ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவர், அங்கே ஓர் உணவகத்தில் 20 டாலர் விலை போட்ட உணவைக் கேட்கிறார். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் அச்சாகியிருக்கின்றன. சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லில் 23 டாலர் 98 காசு என்றிருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. முதல் கூட்டல் குறி 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம். 20 டாலர் 22 ஆகிறது. இரண்டாவது, 2024 ஜனவரி முதல் சிங்கப்பூரில் நடப்பிலுள்ள 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி. அது 22 டாலரின் மேல் விழுகிறது. விலை, உணவு, பணம், பில் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த இரண்டு குறிகளை எப்படி வாசிப்பது என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மலேசியப் பக்கத்திலும் இதே நிலைதான். 'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லில் வருவது கடைக்குப் போகும் பணம். 'சர்வீஸ் டாக்ஸ்' என்பது அரசாங்கத்துக்குப் போகும் பணம். 2024 மார்ச் முதல் பல சேவைகளுக்கு இந்த வரி 8 விழுக்காடாக உயர்ந்தது. உணவு, பானங்களுக்கு 6 விழுக்காடாகவே நீடித்தது. சர்வீஸ் சார்ஜும் சர்வீஸ் டாக்ஸும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளில், பாதிச் சொல் ஒன்றாகவே வருகின்றன. மாணவரின் கையில் இருக்கும் சொற்பட்டியலுக்கும் கடையில் கையில் கிடைக்கும் தாளுக்கும் நடுவே உள்ள தூரம் இதுதான்.

இக்கட்டுரையின் வாதம் ஒன்றே. பணத்தின் ஆங்கிலத்தைப் பெயர்ச்சொற்களின் பட்டியலாகக் கற்பிப்பது போதாது. கொடுக்கல் வாங்கலில் உண்மையில் புழங்கும் வாக்கியங்களைக் கொண்டு, உண்மையான தாள்களை வைத்து, மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழிலும் மலாயிலும் காலூன்றிக் கற்பிக்க வேண்டும். இதற்குத் துணையாகப் போர்த்துகீசிய மொழி பேசுவோரின் அனுபவத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர்களும் ஆங்கிலக் கடைமொழியில் ஏறத்தாழ நாம் தடுக்கும் இடங்களிலேயே தடுக்குகிறார்கள். அதோடு, மலாக்கா நீரிணைச் சந்தைக்கு அவர்கள் புதியவர்களும் அல்லர்.

மலாக்காவில் தொடங்கிய பாடம்

1511இல் அல்புகெர்க் தலைமையிலான போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். ஊரைப் பிடித்த கையோடு வெள்ளீய நாணயம் அடித்தார்கள். ஆனால் நாணயம் அடிப்பது எளிது. சந்தையில் பேசுவது கடினம். மலாக்காவில் போர்த்துகீசியப் பண்டகசாலையின் கணக்கெழுத்தராக இருந்த தொமே பிரெஸ், 1512க்கும் 1515க்கும் இடையே எழுதிய 'சூமா ஓரியெந்தல்' என்ற நூலில், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்படுவதாகக் குறித்தார். அந்தச் சந்தையில் நுழையப் போர்த்துகீசியருக்கு வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழ் வணிகர். ஆவணங்கள் அவரை 'நினா சட்டு' என்று எழுதுகின்றன. புதிய ஆட்சி அவரைப் பெண்டஹாரா என்ற உயர்பதவியில் அமர்த்தியது. 1512இல் இன்றைய மியன்மாரிலுள்ள பெகுவுக்கு அனுப்பிய கப்பலில் அவரும் போர்த்துகீசிய அரசும் கூட்டாக முதல் போட்டார்கள். போர்த்துகீசியம் பேசியவர்கள் இந்த நீரிணையில் விலை கேட்கவும் சரக்கு மதிக்கவும் கணக்குத் தீர்க்கவும் கற்றதில் தமிழ் வணிகரின் பங்கு பெரிது.

மலாக்காவை இழந்த சுல்தானின் மகன் 1528இல் ஜொகூர் அரசை நிறுவினார். ஜொகூர் சுல்தான்கள் 'மாஸ்', 'கூப்பாங்' என்ற பெயர்களில் பொன் நாணயம் வெளியிட்டார்கள். எண்கோண வடிவில் வந்தவையும் அவற்றில் உண்டு. 1587இல் போர்த்துகீசியர் ஜொகூர் லாமா கோட்டையை அழித்தார்கள். 1641இல் ஜொகூரின் உதவியோடு டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். போர்கள் முடிந்தன, சந்தைச் சொற்கள் தங்கிவிட்டன. மலாயில் ஏலத்துக்கு 'லேலோங்' என்பது பெயர், தமிழில் 'ஏலம்'. இரண்டையும் அகராதிகள் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து கொணர்கின்றன. மேசை, அலமாரி, துவாலை, சப்பாத்து என்று தமிழர் வாங்கும் பொருள்களை மலாய்க்காரர் மேஜா, அல்மாரி, துவாலா, செப்பாத்து என்கிறார்கள். இவற்றின் மூலமும் போர்த்துகீசியமே. மறுபக்கம், மலாயில் கடைக்கான 'கெடாய்', முதலீட்டுக்கான 'மோடால்', கூலியாளைக் குறிக்கும் 'கூலி' ஆகியவை தமிழிலிருந்து போனவை.

இந்த வரலாற்றை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. ஜொகூரில் ஒரு தமிழ்க் குழந்தை ஆங்கிலக் கடைமொழியைக் கற்க உட்காரும்போது வெறுங்கையோடு உட்காரவில்லை. வாணிபத்தின் அடிப்படைக் கருத்துகள் அனைத்தும் இரண்டு மொழிகளில் அதன் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன.

வெள்ளி, காசு, ரிங்கிட், சென்

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்கிறார்கள். சென் என்பதைக் 'காசு' என்கிறார்கள். 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல் ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் வெட்டுவிளிம்பைக் குறித்து வந்தது. தமிழர் அந்த நாணயத்தின் உலோகத்தைச் சொல்லிப் பெயரிட்டார்கள். ரிங்கிட், சென் என்ற பெயர்கள் 1975இல் அதிகாரபூர்வமாயின. டாலர் குறி மறைந்து இன்றைய குறியீடு வந்தது 1993இல். 1967 முதல் 1973 வரை மலேசிய, சிங்கப்பூர் நாணயங்கள் ஒன்றுக்கு ஒன்று சமமாகச் செல்லுபடியாயின. ஆகவே ஜொகூரின் மூத்த தலைமுறைக்குப் பாலத்தின் இரு பக்கமும் ஒரே வெள்ளிதான். பிறகு இரு நாணயங்களும் பிரிந்தன. மதிப்பும் விலகிக்கொண்டே போனது. இன்று ஜொகூர் பாருவில் எந்த விலையைக் கேட்டாலும் "எந்த வெள்ளி?" என்ற கேள்வி மனத்தில் எழுகிறது.

தோட்ட வாழ்க்கையில் பணத்தின் மொழி தமிழாகவே இருந்தது. கூலாய், குளுவாங், சிகாமாட் வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களில் கங்காணி ஆள் சேர்த்தார்; கிராணி செக்ரோலில் பேர் போட்டார்; சம்பள நாளில் காசு எண்ணி வாங்கினார்கள். மளிகைக் கடையில் பற்று எழுத '555' என்ற சிறிய நோட்டுப் புத்தகம் இருந்தது. சீனக் கடைக்காரரிடம் பேச மலாய் போதும். ஆங்கிலம் துரையின் அலுவலகத்தோடு நின்றது. ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில் இருந்தன: 1904இல் தொடங்கிய மூவார் உயர்நிலைப்பள்ளி, 1914இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய ஆங்கிலக் கல்லூரி. தோட்டத்துப் பிள்ளைக்கு அவை எட்டாத தூரம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. மக்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் என்று தொழிற்சாலைகளை நோக்கி நகர்ந்தார்கள். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், தவணைக் கொள்முதல் பத்திரம், காப்பீட்டுத் தாள் ஆகியவை வீட்டுக்குள் வந்தன. இவற்றில் பெரும்பங்கு ஆங்கிலத்தில் இருக்கிறது. தோட்டக் கடையின் பற்றுக் கணக்கைத் தமிழில் தட்டிக் கேட்ட குடும்பம், ஆங்கிலத்தில் வந்த பத்திரத்தைக் கேள்வி கேட்காமல் கையொப்பமிட்டுக் கொடுக்கும் நிலைக்கு வந்தது.

பள்ளி இதற்கு என்ன செய்தது? ஜொகூரில் சுமார் எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கணிதப் பாடத்தில் பணம் முதலாம் ஆண்டிலேயே 10 ரிங்கிட் வரையிலான தொகைகளோடு தொடங்குகிறது. ஆறாம் ஆண்டுக்குள் அடக்கவிலை, விற்பனை விலை, லாபம், நட்டம், கழிவு, வட்டி, ரசீது, வரி எல்லாம் வந்துவிடுகின்றன. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, முதலாம் ஆண்டுத் தமிழ்ப்பள்ளி மாணவர் பணக்கணக்கையும் ஆங்கிலத்தில் படித்தார். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டுப் பின்னர் படிப்படியாக நடப்புக்கு வந்தது. 2016இல் விருப்பமுள்ள பள்ளிகளுக்கு இருமொழித் திட்டம் வந்தது. இந்த மாற்றங்களின் ஊடே ஒரு கேள்வி விடுபட்டுப் போனது: பணத்தைப் பற்றிய கணக்கும் பணத்தைப் பற்றிய பேச்சும் ஒன்றுதானா? ஆங்கிலப் பாடத்துக்கு 2018இல் முதலாம், இரண்டாம் ஆண்டுகளுக்குப் பிரிட்டனில் உருவான 'சூப்பர் மைண்ட்ஸ்' நூல் வந்தது. உலகம் முழுமைக்கும் எழுதப்பட்ட நூலில் ஜொகூர் பாரு இரவுச் சந்தையின் பேச்சை எதிர்பார்க்க முடியாது. அதைச் சேர்க்க வேண்டியவர் ஆசிரியர்.

ரெசீஃபி நகரத்துச் சிறுவர்கள்

பள்ளிக் கணக்குக்கும் சந்தைக் கணக்குக்கும் உள்ள இடைவெளியை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, போர்த்துகீசியம் பேசும் பிரேசிலிலிருந்து வந்தது. தெரெசின்யா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவர் ரெசீஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். முதலில் ஆய்வாளர்கள் வாடிக்கையாளராகப் போய் விலை கேட்டார்கள். "இத்தனை தேங்காய் எவ்வளவு? இவ்வளவு கொடுத்தால் மீதி எவ்வளவு?" என்ற வகைக் கேள்விகளுக்குப் பிள்ளைகள் தந்த விடைகளில் 98.2 விழுக்காடு சரி. பிறகு அதே எண்களைப் பள்ளிக்கூட முறையில் கேட்டார்கள். கதைக்கணக்குகளில் 73.7 விழுக்காடும், வெறும் எண்களாக எழுதிக் கொடுத்த கணக்குகளில் 36.8 விழுக்காடும்தான் சரியாயின.

35 குருசேரோ விலையுள்ள தேங்காயில் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோது, ஒரு சிறுவன் மூன்று தேங்காய்க்கு 105 என்று தொடங்கி, மும்மூன்றாகக் கூட்டி, கடைசியில் ஒன்றைச் சேர்த்து 350க்கு வந்தான். பத்தால் பெருக்கச் சுழியைச் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதியை அவன் பயன்படுத்தவில்லை. தினமும் மும்மூன்று தேங்காயாக விற்றுப் பழகியவனுக்கு 105 மனப்பாடம். அவனுடைய அறிவு விற்பனையோடும் விற்பனையின் மொழியோடும் பிணைந்திருந்தது. பள்ளிக்கூடம் அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டுக் கேட்டதும் அறிவு கைவிட்டது.

ஐந்து பிள்ளைகளைக் கொண்ட சிறிய ஆய்வுதான் இது. ஆனால் மொழியாசிரியருக்கு இது சொல்லும் பாடம் பெரிது. கடையில் மீதியைச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைக்குப் பணம் என்றால் என்ன என்று மறுபடி கற்பிக்க வேண்டாம். அந்தச் செயலுக்குள்ளேயே ஆங்கில வாக்கியத்தை இறக்க வேண்டும். செயலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கொடுத்தால், ரெசீஃபி பிள்ளைகள் தாளின் முன் திணறியதைப் போல நம் பிள்ளைகளும் திணறுவார்கள்.

எங்கே தடுக்குகிறது

போர்த்துகீசியம் பேசுவோருக்கு ஆங்கிலத்தோடு ஏராளமான லத்தீன் வேர்ச்சொற்கள் பொது. அதுவே அவர்களுக்குப் பொறியாகவும் ஆகிறது. கடைக் கதவில் 'புஷ்' என்று எழுதியிருந்தால் தள்ள வேண்டும். அவர்கள் மொழியில் ஏறக்குறைய அதே ஒலியுள்ள 'பூஷி' என்பது இழு என்று பொருள்படும். 'ரிசீட்' என்றதும் அவர்களுக்குத் தோன்றுவது 'ரெசெய்த்தா'. அதற்கு மருத்துவர் எழுதும் சீட்டு, சமையற்குறிப்பு, வருமானம் என்ற பொருள்கள் உண்டு. பணம் பெற்றதற்கான சீட்டு அங்கே 'ரெசிபு'. எண்களிலும் குழப்பம் உண்டு. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் பன்னிரண்டரையைக் காற்புள்ளி இட்டு 12,50 என்று எழுதுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி இடுவார்கள். ஆங்கில விலைச்சீட்டில் இது தலைகீழ்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பொறிகள் இல்லை. ஆனால் இரு சாராரும் ஒன்றாக விழும் குழிகள் சில உண்டு.

முதலாவது, கடன் கொடுப்பதும் வாங்குவதும். ஆங்கிலத்தில் 'லெண்ட்', 'பாரோ' என்று திசைக்கு ஒரு வினை. போர்த்துகீசியத்தில் ஒரே வினையடியே இரண்டு பக்கமும் உழைக்கிறது. மலாயில் 'பிஞ்ஜாம்' அப்படித்தான். மலேசியப் பள்ளிகளில் "பாரோ மீ யுவர் பென்" என்று கேட்பதற்கு இது ஒரு காரணம். தமிழில் கொடு, வாங்கு என்று திசை தெளிவாக இருக்கிறது. "கடன் கொடுத்தேன், கடன் வாங்கினேன்" என்று தமிழில் சொல்ல வைத்து அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் மலாய் வழி வரும் பிழை குறையும்.

இரண்டாவது, பணம் கட்டும் வினை. ஆங்கிலத்தில் கடைக்காரருக்குப் 'பே' செய்கிறோம். பொருளுக்கோ 'பே ஃபார்'. போர்த்துகீசியரும் மலாய் பேசுவோரும் பொருளை நேரே வினைக்குச் செயப்படுபொருளாக வைக்கப் பழகியவர்கள். அந்த இடைச்சொல்லை விட்டுவிடுகிறார்கள். தமிழிலோ "காப்பிக்குக் காசு கொடுத்தேன்" என்கிறோம். அந்தக் 'கு' உருபே ஆங்கிலத்தின் 'ஃபார்'. இதை ஒருமுறை சுட்டிக்காட்டினால் பிள்ளை மறக்காது.

மூன்றாவது, விலையின் தன்மை. "விலை எக்ஸ்பென்சிவ்" என்று சொல்வது போர்த்துகீசியரும் மலாய் பேசுவோரும் நம்மவரும் சேர்ந்து செய்யும் பிழை. ஆங்கில வழக்கில் பொருள்தான் 'எக்ஸ்பென்சிவ்', விலை 'ஹை'. தமிழில் "விலை அதிகம்" என்பதும் அதே கட்டுதான்.

நான்காவது, மீதி. தமிழில் திரும்ப வரும் பணம் மீதி அல்லது பாக்கி. உதிரி நாணயம் சில்லறை. மலாயிலும் மீதிக்குப் பெயர் 'பாக்கி'தான். இரண்டும் அரபு வழி வந்தவை. ஆங்கிலத்தில் மீதிக்கும் சில்லறைக்கும் 'சேஞ்ச்' என்ற ஒரே சொல். மலேசியாவில் மீதியைப் 'பேலன்ஸ்' என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டில் அதே சொல் வங்கியில் உள்ள இருப்பை நினைவூட்டும். எது எங்கே செல்லும் என்று சொல்லித் தருவதே சரி. ஊர்வழக்கைத் தப்பு என்று அடித்துத் திருத்தினால் பிள்ளை வாயைத் திறக்காது.

ஐந்தாவது, செவிக்கு வரும் எண். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் ரெசீஃபியிலும் குளுவாங்கிலும் ஒன்றாகவே கேட்கின்றன. தமிழில் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் குழப்பமே இல்லை, மலாயிலும் இல்லை. 15 வெள்ளிக்கும் 50 வெள்ளிக்கும் இடையே 35 வெள்ளி இருக்கிறது. 'ஃபோர்ட்டீன் ஃபிஃப்டி' என்றால் பதினான்கரை வெள்ளியா, ஆயிரத்து நானூற்று ஐம்பதா என்பதைப் பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். கேட்டு எழுதும் பயிற்சியை இங்கிருந்து தொடங்குவது நல்லது.

பட்டியலின் குறை

கடைச்சொற்களைக் கற்பிக்கும் வழக்கமான முறை, ஒரே பொருட்புலத்தைச் சேர்ந்தவற்றை ஒன்றாகத் திரட்டிக் கொடுப்பது. 'பை, செல், பாரோ, லெண்ட், சீப், எக்ஸ்பென்சிவ்' என்று பலகையில் வரிசையாக எழுதி, எதிரே பொருள் எழுதி, மறுநாள் ஒப்பிக்கச் சொல்வது. இது ஒழுங்காகத் தோன்றும். ஆனால் 1993இல் டிங்கம் செய்த சோதனைகளும், 1997இல் ஜப்பானிய மாணவர்களைக் கொண்டு வாரிங் செய்த மறுசோதனையும் வேறு கதை சொல்கின்றன. ஒரே வகையைச் சேர்ந்த புதுச்சொற்களை ஒன்றாகப் படித்தவர்கள், தொடர்பில்லாத சொற்களைப் படித்தவர்களைவிட மெதுவாகவே கற்றார்கள். ஒன்றோடொன்று ஒத்த சொற்கள் மனத்தில் ஒன்றையொன்று இடறிவிடுகின்றன. சொற்கற்றல் ஆய்வில் பெரும்பெயர் பெற்ற பால் நேஷன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதே எச்சரிக்கையை ஆசிரியர்களுக்கு விடுத்தார்.

எதிர்ச்சொல் இணைகளை முதல் நாளிலேயே ஒன்றாகக் கொடுக்கக் கூடாது என்பது இதன் நடைமுறைப் பொருள். 'சீப்' என்ற சொல் நாலைந்து வாக்கியங்களில் புழங்கி நன்கு ஊன்றிய பிறகு 'எக்ஸ்பென்சிவ்' வரட்டும். 'பாரோ' நிலைத்த பிறகு 'லெண்ட்' வரட்டும். சொற்களை இணைக்கும் கயிறாக வகையை வைப்பதைவிட நிகழ்ச்சியை வைப்பது நல்லது: கடைக்குள் நுழைவது, விலை கேட்பது, அளவு சொல்வது, பணம் கொடுப்பது, ரசீதைப் பார்ப்பது. இவ்வரிசையில் வரும் சொற்கள் பலவகைப்பட்டவை, ஒன்றையொன்று இடறுவதில்லை, அடுத்தது எது என்பதையும் நினைவூட்டுகின்றன.

சிறிய சொல், பெரிய தொகை

பணத்தின் ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களைவிட இடைச்சொற்களே அதிக விலை உள்ளவை. '70 விழுக்காடு ஆஃப்' என்றால் எழுபது விழுக்காடு தள்ளுபடி. 'அப் டு 70' என்றால் அதுதான் உச்சவரம்பு. நாம் எடுக்கும் சட்டைக்குப் பத்து விழுக்காடு மட்டுமே கிடைக்கலாம். விலைக்கு முன்னால் 'ஃப்ரம்' வந்தால் அது ஆகக் குறைந்த விலை. 'ஈச்' என்பது ஒன்றுக்கு. 'டூ ஃபார் ஃபைவ்' என்பது நம் சந்தைப் பேச்சின் "அஞ்சு வெள்ளிக்கு ரெண்டு". தொடக்கப் பள்ளி மாணவருக்கே இவற்றைக் கற்பிக்கலாம்.

வளர்ந்தவருக்கு வரும் சொற்கள் இன்னும் கனமானவை. கார் வாங்க 40,000 ரிங்கிட் கடன், ஐந்தாண்டு, 'ஃப்ளாட்' வட்டி 3.5 விழுக்காடு என்று வைப்போம். ஆண்டுக்கு 1,400, ஐந்தாண்டுக்கு 7,000, மொத்தம் 47,000, மாதம் 783 ரிங்கிட் 33 சென். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத்தொகைக்கே கணக்கிடப்படுகிறது. 'எஃபெக்டிவ்' முறையில் பார்த்தால் உண்மை வட்டி ஏறத்தாழ ஆறரை விழுக்காடு. இவ்விரு சொற்களின் வேறுபாடு தெரியாதவர், மூன்றரை என்று விளம்பரப்படுத்திய கடனை நாலரை என்று சொன்ன வேறொரு கடனைவிட மலிவு என்று நம்பிவிடுவார். இரண்டாவது எஃபெக்டிவ் முறையில் சொல்லப்பட்டிருந்தால் அதுவே மலிவு.

'கிரெடிட்' என்ற சொல்லையும் பாருங்கள். கிரெடிட் கார்டு என்றால் கடன். கைப்பேசியில் கிரெடிட் என்றால் இருப்பு. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் 'கிரெடிட்டட்' என்றால் நம் கணக்கில் பணம் வரவு. 'டெபிட்டட்' என்றால் பணம் போய்விட்டது. கடன் என்ற ஒரே பொருளை மனப்பாடம் செய்தவர் வரவைப் பார்த்துப் பதறுவார், பற்றைப் பார்த்துச் சும்மா இருப்பார். செட்டியார் கிட்டங்கிகளின் பேரேடுகள் முதல் இன்றைய கணக்கியல் பாடம் வரை தமிழில் வரவும் பற்றும் துல்லியமான சொற்கள். வங்கி ஆங்கிலத்துக்கு அவையே தகுந்த வாசல். மோசடிக்காரர்கள் பெரும்பாலும் இந்தத் தடுமாற்றத்தையே நம்பித் தொழில் செய்கிறார்கள். பணம் பறிபோனதை உடனே உணர்ந்தால்தான் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மைய எண்ணுக்கு உடனே அழைக்க முடியும்.

'ரீஃபண்ட்' என்றால் பணமாகத் திரும்பத் தருவது. 'எக்ஸ்சேஞ்ச்' என்றால் மாற்றுப் பொருள் தருவது. 'கிரெடிட் நோட்' என்றால் அதே கடையில் மட்டும் செல்லும் சீட்டு. இந்த மூன்றையும் பிரித்தறியாதவர் கடைக்காரர் நீட்டுவதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி ஒட்டி எந்தக் கடையும் இல்லாமலாக்க முடியாது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக்கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே போகிறவர் கையில் ரசீது இருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டும் இப்படித்தான். 'பேசிக்', 'அலவன்ஸ்', 'ஓவர்டைம்', 'டிடக்‌ஷன்', 'கிராஸ்', 'நெட்' என்ற ஆறு சொற்கள் ஒரு மாத உழைப்பின் வரலாறு. மொத்தச் சம்பளம் எவ்வளவு, எது எதற்காகப் பிடித்தார்கள், கைக்கு வருவது எவ்வளவு என்பதை அவற்றைக் கொண்டே வாசிக்க வேண்டும்.

வகுப்பில் என்ன செய்யலாம்

இதற்குப் புதுப் பாடத்திட்டம் வேண்டியதில்லை. இருக்கும் ஆங்கில நேரத்திலேயே செய்யத்தக்கவை சில உண்டு.

முதலில் தாள்களைச் சேர்க்கலாம். மாணவர் வீட்டிலிருந்து பழைய ரசீதுகள், விளம்பரத் துண்டுகள், மின்கட்டண பில்களைக் கொண்டுவரச் சொல்லலாம். பெயர், முகவரி, கணக்கு எண்களை முதலில் அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு தாளிலும் எவ்வளவு, எதற்கு, யாருக்கு, எப்போதுக்குள் என்ற நான்கு கேள்விகளைத் தமிழில் கேட்டு, விடையுள்ள ஆங்கில வரியைக் கோடிட வைக்கலாம். ஒரு சென் நாணயம் புழக்கத்திலிருந்து விலகிய 2008 ஏப்ரல் முதல் ரசீதில் வரும் 'ரவுண்டிங்' வரிகூட நல்ல பாடம்: ரொக்கத்தில் 23 ரிங்கிட் 98 சென் ஏன் 24 ரிங்கிட் ஆகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து, வாயால் பழக வேண்டும். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர். முதற்சுற்று தமிழில், இரண்டாவது மலாயில், மூன்றாவது ஆங்கிலத்தில். நிகழ்ச்சி ஒன்றே என்பதால் கவனம் முழுவதும் சொல்லில் நிற்கும். தமிழில் பேரம் பேசத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தில் எங்கே நிற்கிறது என்பது ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். 'கேன் லெஸ்?' என்ற சந்தை ஆங்கிலத்தையும், கடைத்தொகுதியில் பணிவாகக் கேட்கும் முழு வாக்கியத்தையும் இடமறிந்து பேசக் கற்பிக்க வேண்டும். பெரியவரிடம் "நீங்க" என்றும் தோழனிடம் "நீ" என்றும் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இந்த இடமறிவு புதிதல்ல.

மூன்றாவதாக, பெற்றோரை உள்ளே கொண்டுவர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தோடு ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சம்பளச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் தமிழில் விளக்கி ஆங்கிலச் சொல்லைக் காட்டினால், பெற்றோரும் பிள்ளையும் ஒரே சொல்லை ஒரே வாரத்தில் கற்பார்கள். வீட்டில் அது மறுபடி மறுபடி பேசப்படும். சொல் நிலைக்க அதுவே வழி.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படும் கருத்தொன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழையும் மலாயையும் ஆங்கில வகுப்பில் நுழையவிட்டால் ஆங்கிலம் வளராது என்கிறார்கள். தாய்மொழியில் தெளிவாக உள்ள ஒரு கருத்தை மறைத்துவைத்து அதே கருத்தைப் படத்தாலும் சைகையாலும் விளக்கப் பத்து நிமிடம் செலவிடுவதால் ஆங்கிலம் வளர்வதில்லை. பேசும் நேரம்தான் குறைகிறது. மேலே பார்த்த 'கு' உருபும், 'வரவு', 'பற்று' என்ற சொற்களும், 'கொடு', 'வாங்கு' என்ற வினைகளும் மாணவரை ஆங்கிலத்துக்கு விரைவாகக் கொண்டு சேர்ப்பவை.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வடக்குக்குப் போகும் விரைவு ரயில் பாதை, இரு கரைகளுக்கும் இடையிலான போக்குவரத்தை மேலும் பெருக்கப் போகிறது. வேலையும் வாங்கலும் விற்றலும் கூடும். ஆங்கிலத்தில் எழுதிய தாள்களும் கூடும். ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பள்ளி வாரியங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ரசீதையும் ஒரு சம்பளச் சீட்டையும் ஒரு தவணைப் பத்திரத்தையும் ஆங்கிலத்தில் வாசித்து, புரியாத வரிக்கு விளக்கம் கேட்கத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும். இலக்கண மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் அக்கறையில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும்; இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.